அடுப்புக் கட்டத்தில் நீ போட்ட டிக்

தினேஷ்,

நீ வீட்டில் படுத்திருக்கிறாய். நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். நடந்தால் எட்டு நிமிஷ தூரம். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், பின்னால் அண்டா கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. நீ படிப்பில் போட்ட போஸ்டிங்கிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்து பதிமூன்று நாள் ஆகிறது. ஒரே ஒரு நாள் தவிர நாம் பேசிக்கொண்டதெல்லாம் "சாப்டியா", "ம்", "ஃபேன நிறுத்து", "சரி" என்பதுதான். திங்கட்கிழமை ஓசூரில் மாமா பார்த்துவைத்த கம்பெனியில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அம்மாவுக்குக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. காலையில் எழுகிறேன், அரிசி அளக்கிறேன், பிள்ளைகளை எண்ணுகிறேன், ரிஜிஸ்டர் எழுதுகிறேன், எல்லாம் வேறு யாரோ செய்கிற மாதிரி நடக்கிறது. உன் அப்பா போனபோதும் இப்படித்தான் இருந்தேன். காரியம் முடிகிறவரைக்கும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை, நம் சொந்தக்காரர்கள் அதையே ஒரு மாதம் பேசினார்கள்.

நீ ஓ.டி. அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தபோது நம் அமிர்தியில் ஒருத்தருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியதா என்ன. "ஆபரேசன் தியேட்டர்ல கத்தி எடுத்துக் குடுக்குற வேலையா" என்று பெரியம்மா கேட்டாள். "அது இல்ல, ஆக்குபேசனல் தெரபி, கை கால் இழுத்துக்கினவங்களுக்கு மறுபடி சட்ட போட, சோறு துன்ன, குளிக்கப் பழக்கி வுடறது" என்று நீ சொன்னாய். "அத சொல்லித்தர ஒரு படிப்பா" என்று அவள் சிரித்தாள். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. அப்புறம் வகுப்பெல்லாம் முடிந்து வேலூரில் அந்த மறுவாழ்வு சென்டரில் உனக்கு இன்டர்ன்ஷிப் போட்டார்கள். முதல் வாரம் நீ வீட்டுக்கு வந்து ஒரு பொத்தானைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாய். ஒரு வாத்தியார் பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோய் வந்திருக்கிறார், சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தானே போடுவதற்கு அவருக்குப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று, உங்களுக்குப் பொறுப்பான நிர்மலா மேடம் உன்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, உன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள் என்றாய். "கை தானா போகுதும்மா. போட்டு வுட்டுடலாம்னு தோணுது. போட்டு வுட்டா அவரு கைய நான் திருடறேன்னு மேடம் சொல்றாங்க" என்றாய். அன்று நீ பேசின அழகைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. நம் வீட்டில் அதெல்லாம் சொல்கிற வழக்கம் இல்லை, இப்போது சொல்கிறேன்.

மேடம் போன் செய்தது நீ வந்த நாலாம் நாள். "தினேஷ்க்கு ஒடம்பு சரியில்லீங்களா" என்று கேட்டார்கள். நான் என்ன சொல்வேன், "கொஞ்சம் அசதிங்க" என்றேன். பிறகு, "வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழம பத்து மணிக்கு இங்க ஒரு விசாரணை இருக்குங்கம்மா. அவன் வந்தா நல்லது. வரலன்னாலும் பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்றார்கள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன விசாரணை என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷம் சொன்னாய். சொல்லி முடித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பதற்காக இங்கே எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. காவலூர்ப் பக்கத்திலிருந்து சின்னப்பையன் என்று பெயர் கொண்ட ஒரு விவசாயி பக்கவாதம் வந்து உங்களிடம் இருந்தார். நடக்க வந்துவிட்டது, விரலும் கொஞ்சம் மடங்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் வலது கையில் உணர்ச்சி வரவில்லை. சூடு, குளிர், முள் எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்புமுன் உங்கள் சென்டரில் உள்ள சின்னச் சமையலறையில் அடுப்பு பற்றவைத்து, சூடான பாத்திரத்தை நல்ல கையால் முதலில் தொட்டுப் பார்த்து, துணி பிடித்து இறக்கப் பழக்கவேண்டும். அதைச் செய்து காட்டினால் படிவத்தில் அடுப்புக்கான கட்டத்தில் நீ டிக் போடுவாய், கீழே உன் கையெழுத்து, அதற்குக் கீழே மேடம் கையெழுத்து. மாணவர்கள் போடுகிற டிக் மேடம் கையெழுத்து இல்லாமல் செல்லாது. நீ அவரை இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் அவர் சிரித்து மழுப்பினார். நீயும் சிரித்தாய். மறுநாள் அவர் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மேடம் இன்னொரு நோயாளியோடு இருந்துகொண்டே "கிச்சன் முடிச்சிட்டியா" என்று கேட்டார்கள். "முடிச்சிட்டேன் மேடம்" என்றாய். நீ டிக் போட்டு நீட்டிய தாளில் உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் ஊருக்குப் போன ஆறாம் நாள், கொதிக்கிற கஞ்சிப் பானையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கியிருக்கிறார். வலது கை வெந்துபோனது அவருக்கே தெரியவில்லை. இப்போது, பழக்காத ஆளை எப்படி வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று சென்டர் நிர்வாகத்தில் மேடத்தைக் கேட்கிறார்கள். "என் கையெழுத்து, என் பொறுப்பு" என்று மேடம் சொல்லிவிட்டார்கள். அவர்களிடம் இனி மாணவர்களை விடுவதா என்றுகூடப் பேச்சு. நீ அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். இவ்வளவுதானே?

அடுப்புக்குக் கூப்பிட்டபோது அந்த மனுஷன் என்ன சொல்லிச் சிரித்தார் என்று நான் கேட்டேன். "ஆம்பளைக்கு அடுப்பாண்ட இன்னாடா வேலன்னாரும்மா" என்றாய். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த வார்த்தையை நீ முதன்முதலில் கேட்டது என் வாயிலிருந்து. உனக்கு ஏழு வயது இருக்கும். நான் குழாயடிக்குப் போய்வருவதற்குள் நீ ஸ்டூல் போட்டு ஏறி, தோசைக்கல்லில் மாவு ஊற்றிவைத்திருந்தாய். வட்டமாகக்கூட வந்திருந்தது. நான் கரண்டிக் காம்பால் உன் முழங்கையில் ஒன்று போட்டேன். சுட்டுக்கொள்வாய் என்ற பயத்தில் அடித்ததாகத்தான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. ஜன்னலில் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் "ஆம்பளப் புள்ளைக்கு அடுப்பாண்ட இன்னாடா வேல" என்று சத்தமாகச் சொன்னேன். உன் அப்பாவும் அப்படித்தான். எனக்கு மஞ்சள்காமாலை வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் பத்து நாளும் கடைப் பரோட்டா தின்றீர்கள். அவர் காட்டில் ஃபாரஸ்ட்காரர்களோடு பாறை உடைத்தவர், பாம்பைக் கையால் பிடித்தவர், ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாது. அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லிச் சிரித்தவள் நான். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன உனக்கு, அந்த மனுஷன் சிரித்தபோது கூடச் சிரிக்கத்தான் தோன்றியிருக்கும். அவர் வீட்டில் அடுப்பு மூட்ட யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியிருக்காது.

இதை உனக்குச் சாக்காகச் சொல்லவில்லை. நீ கேட்காமல் விட்டதற்குக் காரணம் நான் வளர்த்த விதம். "முடிச்சிட்டேன் மேடம்" என்று சொன்னது நீ.

அதிலும் நான் பெரிய யோக்கியம் இல்லை. இங்கே சுவைப் பதிவேடு என்று ஒரு நோட்டு உண்டு, உனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குப் போடுமுன் நான் சாப்பிட்டுப் பார்த்து, நன்றாக இருந்தது என்று கையெழுத்துப் போடவேண்டும். எத்தனை நாள் சாப்பிடாமலே போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. சமையல் செய்கிறவள் நல்லவள், வாசனையிலேயே தெரிகிறது, நேரம் ஆகிறது, பிள்ளைகள் தட்டைத் தட்டுகிறார்கள், இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் கிடைக்கும். ஒரு நாள் சாம்பாரில் இரண்டு பேர் தனித்தனியாக உப்பு போட்டுவிட்டார்கள். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை, எல்லாம் சாப்பிட்டு எழுந்துபோய்க் குழாயில் தண்ணீராகக் குடித்தன. கடைசியில் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து அழகாக இருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உப்புதானே என்று விட்டேன். எனக்குக் கிடைத்தது உப்பு, உனக்குக் கிடைத்தது ஒரு மனுஷன் கை. கட்டத்தில் டிக் போடும்போது இரண்டு பேருக்கும் கை ஒரே மாதிரிதான் ஓடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டுக் காவலூர் போனேன். வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் என்று மாறி மாறி ஏறி மலைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை, கை வெந்தவர் வீடு என்றதும் பஸ்ஸில் வந்த பொம்பளை ஒருத்தி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கை முழங்கை வரைக்கும் கட்டு. நான் தினேஷின் அம்மா என்று சொன்னேன். யார் என்று உடனே தெரியவில்லை. "சென்டர்ல வெள்ளக் கோட்டு போட்ட பையன்" என்றேன்.

"அடடே, அந்தத் தம்பியா. நல்ல புள்ளம்மா. எங்கூட ரொம்ப பேசும். வராதா அது?"

"இல்லண்ணா, நான் மட்டுந்தான் வந்தேன். வூட்ல யாரும் இல்லீங்களா?"

"யாரு கீறாங்க. பொண்டாட்டி போய் மூணு வருசம் ஆவுது. பொண்ண கீழ கட்டிக் குடுத்தாச்சி. நான்தான் கஞ்சி வெச்சிக்கறேன், இப்ப பக்கத்து வூட்ல குடுக்கறாங்க."

"சென்டர்ல இத சொல்லலியா?"

அவர் சிரித்தார். "கேட்டாங்க மொதல்ல. வூட்ல பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டேன். நாலு பேர் மத்தியில, நானே பொங்கித் துன்றேன்னு எப்டிம்மா சொல்றது. அந்தத் தம்பி ரெண்டு தபா கூப்ட்டுச்சி, அடுப்பாண்ட வாங்கன்னு. நான் போவல. அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க."

கை எப்படி வெந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "சூடே தெர்லம்மா. நாத்தம் வந்துச்சி. கஞ்சி அடி புடிச்சிட்ச்சின்னு குனிஞ்சி பானைய பாக்கறேன். பானையில ஒண்ணுமில்ல. என் கையி." இரண்டு விரல் இனிமேல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மடங்க ஆரம்பித்திருந்த விரல்கள் அவை. அதையும் அவர் மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும், வரவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதுவும் வரவில்லை. வராததும் ஒரு விதத்தில் நல்லதுதான். அந்த வார்த்தை என்னுடையது இல்லை. கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன்.

அதோடு நான் நின்றிருக்கலாம். புதன்கிழமை இன்னொரு காரியம் செய்தேன், அதைச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. மதியம் பிள்ளைகள் சாப்பிட்டதும் வேலூர் பஸ் ஏறினேன். மேடத்தைப் பார்த்து, என் பையன்தான் செய்யாததைச் செய்ததாக எழுதினான், உங்கள் மேல் தப்பில்லை, வேண்டுமானால் நானே விசாரணையில் வந்து சொல்கிறேன், அவன் விவரம் தெரியாத பிள்ளை, படிப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவதாக முடிவு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நன்றாகத்தான் வந்தது. உனக்குப் பத்தாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டில் இதயமும் சிறுநீரகமும் நான்தான் வரைந்தேன், நினைவிருக்கிறதா? நீ தூங்கிவிட்டாய், மறுநாள் கடைசி நாள், நான் கலர் பென்சிலோடு உட்கார்ந்தேன். உனக்குப் பரிசுகூடக் கொடுத்தார்கள். காலேஜ் சேரும்போது ஆபீஸ் ஜன்னலில் கேட்ட கேள்விக்கெல்லாம் பின்னால் நின்று பதில் சொன்னவளும் நான். "உங்க பையன் பேச மாட்டானா" என்று அந்த ஆள் கேட்டார். பஸ் கணியம்பாடி வந்தபோது இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இருபத்தொரு வயசுப் பிள்ளைக்காக மன்னிப்பு மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. இறங்க எழுந்தேன். நீங்கள் வேலூர் டிக்கெட் ஆச்சே என்று கண்டக்டர் ஞாபகப்படுத்தினார். பரவாயில்லை என்று இறங்கிவிட்டேன். கணியம்பாடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஆகவே மேடத்துக்கு என் வழியாக ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பது வேறு விஷயம். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து, நீ போட்ட டிக்குக்கு அவர்களே பதில் சொல்லப் போகிறார்கள். உன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நீ ஓசூர் போய்விட்டால் இது அப்படியே முடிந்துவிடும், உன்னை யாரும் தேடி வரமாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. இந்த போஸ்டிங்கை முதலிலிருந்து செய்யச் சொல்லலாம். ஒரு வருஷம் போகலாம். படிப்பே வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். அம்மா இருக்கிறேன், ஒன்றும் ஆகாது என்று எழுதக் கை வருகிறது, எழுத மாட்டேன். ஆகலாம்.

கம்பெனி வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. மெஷின் முன்னால் நிற்கிறவனும் மனுஷன்தான். நீ மேடத்திடம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் ஓசூர் போவதாக இருந்தால் நானே உனக்குப் புளிச்சோறு கட்டித் தருவேன். சொல்லாமல் போனால் அங்கேயும் தினம் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்லுவார்கள். நீ எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுப் போட்டாலும், உன்னாலேயே அதை நம்ப முடியாது. எனக்கு அந்த உப்பு விஷயத்துக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கிறது. இன்றைக்கு நான் ஒரு கரண்டி சாதம் சாம்பார் போட்டு, உட்கார்ந்து, மென்று சாப்பிட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சமையல்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மேடத்திடம் என்ன சொல்லவேண்டும் என்று உனக்கு ஒரு தாளில் எழுதித் தரலாம் என்று உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன். மூன்று தாள் கிழித்தேன். அது நீ தேடவேண்டிய வார்த்தை. சின்னப்பையன் அண்ணனிடம் சொல்லவேண்டியதும் அப்படித்தான். அவர் உன்மேல் கோபமாக இல்லை என்பதை எழுதிவிட்டேன், அதை வைத்துத் தப்பிக்காதே. கோபப்படத் தெரியாத மனுஷனிடம் போய் நிற்பது இன்னும் கஷ்டம், நான் நின்று பார்த்தேன்.

இங்கிருந்து இரண்டுக்கும் ஒரே பஸ்தான், வேலூர் வரைக்கும். காலை ஏழு மணி வண்டியைப் பிடித்தால் ஓசூருக்கும் நேரம் இருக்கும், பத்து மணிக்கும் நேரம் இருக்கும். இத்தனை நாளாக ஒன்றுமே இல்லாமல் இருந்த எனக்கு இதை எழுதும்போது பயம் வந்துவிட்டது, தினேஷ். நீ போய்ச் சொன்னால் உன் படிப்பு போய்விடுமே என்று பயம். சொல்லாமல் போய்விட்டால் தீபாவளிக்கு நீ வந்து நிற்கும்போது உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அதைவிடப் பயம். திங்கட்கிழமை நான் உன்னை எழுப்ப மாட்டேன். நீ கிளம்பும்போது வாசலுக்கும் வரமாட்டேன். வந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் பஸ் ஏறிவிடுவேன்.

அம்மா